பொடியில் இல்லாத வேர்

அம்மாவுக்கு விரல்கள் மடங்காமல் போன காலத்தில் நான் மூட்டுவாத மருந்து ஆராய்ச்சியில்தான் இருந்தேன். இதைக் கேட்கிறவர்கள், "அம்மாவுக்காகத்தான் அந்த வேலைக்குப் போனீங்களா?" என்று உருகிவிடுவார்கள். இல்லை. வேலை முதலில் கிடைத்தது, வியாதி பிறகு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அவர்கள் முகம் தொங்கிப்போவதால், பாதி நாள் ஆமாம் என்றே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எங்கள் ஆய்வகம் வைட்ஃபீல்டில், கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சீன மருத்துவத்தில் மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்துவந்த ஒரு கொடியின் வேர்தான் எங்கள் பொருள். இடி தேவனின் கொடி என்று அர்த்தம் வரும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சும்மா வைக்கவில்லை. வேரின் பட்டையைச் சுத்தமாக உரித்துவிட்டு, உள்கட்டையை மட்டும் நெடுநேரம் கொதிக்கவைத்துத்தான் கொடுப்பார்கள். பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும். வீக்கத்தை அடக்குவதும் ஆளை அடிப்பதும் அநேகமாக ஒரே சேர்மம். அதன் அமைப்பை அங்கங்கே மாற்றி, குணத்தை வைத்துக்கொண்டு விஷத்தை மட்டும் கழற்ற முடியுமா என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தட்டில் வளர்த்த செல்களில் அருமையாக வேலை செய்யும். எலியில் சுமாராகச் செய்யும். அதற்கு மேல் போனதில்லை.

அம்மா காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு அந்தப் பழைய வீட்டில் அவளும் மகளான நானும்தான். நியாயத்துக்கு விட்டுக்கொடுக்காத ஆள். பரீட்சைத் தாளில் அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் குறைத்தவள். அப்படிப்பட்டவள் காலையில் புடவைக் கொசுவத்தைப் பிடிக்க முடியாமல், என்னைக் கூப்பிடவும் பிடிக்காமல், அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நான் இல்லாத நேரம் பார்த்து நிறுத்திவிட்டாள். அது தெரிந்த அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பொடி வந்தது சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் ஓர் ஆன்ட்டி மூலமாக. ஊருக்குள் அக்குபஞ்சர் போடும் ஒருவர் சீனாவிலிருந்து வரவழைத்துத் தருகிறாராம். பழுப்பு நிறப் பொடி, பொட்டலம் பொட்டலமாக. வெந்நீரில் கலந்து காலையில் குடிக்கவேண்டும். ஆன்ட்டிக்கே முட்டிவலி போய்விட்டதாம். அட்டைப்பெட்டியில் சீன எழுத்துகளுக்குக் கீழே சின்னதாக அச்சிட்டிருந்த மூலிகைப் பட்டியலில் முதல் பெயர் எங்கள் கொடி.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வேறு எந்தப் பொடியாக இருந்தாலும் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கொஞ்சம் பயமும் இருந்தது. அம்மா அதைக் குடிக்க ஆரம்பித்த சில நாளிலேயே ரத்தப் பரிசோதனை செய்யவைத்தேன். ஈரல் நன்றாக இருந்தது, சிறுநீரகமும் நன்றாக இருந்தது. அம்மாவோ ஒரே வாரத்தில் கொசுவத்தைத் தானே பிடித்தாள். அடுத்த வாரம் ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். கன்னமெல்லாம் பூரித்து, முகம் உருண்டு பளபளவென்று ஆகிவிட்டது. சர்ச்சில் பார்த்தவர்களெல்லாம், "முகத்துல ஆண்டவர் கிருபை தெரியுது டீச்சர்" என்றார்கள். நானும் பார்த்துப் பூரித்துப்போனேன். முகம் அப்படி உருண்டால் என்ன அர்த்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்துத் தேறியவள் நான். வீட்டில் அம்மாவின் முகமாக இருந்ததால் அது கண்ணில் படவில்லை.

எங்கள் சர்ச்சில் மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. வியாதி சுகமானவர்கள், வேலை கிடைத்தவர்கள், ஆபத்தில் தப்பியவர்கள் முன்னால் வந்து சாட்சி சொல்வார்கள். சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் ஸ்தோத்திரம் என்பார்கள். அம்மாவின் பெயரைப் பாஸ்டர் ஐயா எழுதிக்கொண்டார். அதற்குள் மூட்டுவலிக்கார அம்மாக்கள் நாலைந்து பேர் அம்மாவைப் பார்த்தே பொடி குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். டீச்சர் பொய் சொல்லமாட்டார் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சந்தேகப்பட்டு நான் அந்தப் பொடியை லேபுக்கு எடுத்துப் போகவில்லை. பெருமைப்பட்டுத்தான் போனேன். எங்கள் சேர்மம் அதில் எவ்வளவு இருக்கிறது, பட்டையை எப்படி நீக்கியிருக்கிறார்கள், அம்மாவின் ஈரலைத் தொடாமல் எப்படி விட்டது, இதெல்லாம் தெரியவேண்டும். தெரிந்தால் எங்கள் வேலைக்கே ஒரு வழி கிடைக்கும் என்று மெட்ரோவில் உட்கார்ந்து கனவு கண்டுகொண்டே போனேன். எங்கள் தலைவி கன்னடக்காரம்மா, கறாரானவர். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மாடி, செய்ங்க, ஆனா ரிப்போர்ட்ல வேணாம்" என்று கன்னடமும் தமிழுமாக அனுமதி கொடுத்தார்.

பொடியைக் கரைத்து, வடிகட்டி, அந்தக் கரைசலை இயந்திரத்தின் மெல்லிய குழாய்க்குள் செலுத்துவோம். கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, தனக்கென்று உள்ள நேரத்தில் வெளியே வரும். திரையில் கோடு அந்த இடத்தில் மலைபோல எழும். எங்கள் சேர்மம் எந்த நேரத்தில் எழும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்த நேரம் வந்தது, போனது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தக் கொடி அந்தப் பொடியில் தூசிக்குக் கூட இல்லை. வேறோர் இடத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒன்று உயரமாக எழுந்து நின்றது.

எங்கள் இடத்தில் ஒரு தடவை வந்த முடிவை முடிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மறுபடி போட்டேன். வேறு பொட்டலத்தைப் பிரித்து மறுபடி போட்டேன். தலைவி தானே வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூலக்கூறின் எடையைப் பார்க்கும் இன்னொரு இயந்திரத்திலும் ஓட்டினோம். எல்லாம் ஒரே பதில். ஸ்டீராய்டு. மருந்துக்கடையில் சீட்டு எழுதி வாங்கவேண்டிய சாதாரண ஸ்டீராய்டு, அரைத்த ஏதோ இலைத்தூளோடு கலந்திருந்தது. பசியும் உருண்ட முகமும் பளபளப்பும் அதன் வேலை. தலைவி என் முதுகில் கை வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் அது பாதி உண்மை.

அன்று மாலை அம்மா கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதம் கழித்து உரிக்கிறாள். தோல் உரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அப்ப நான் நடந்தது பொய்யா?"

"நடந்தது நிஜம்மா. அதுக்கு அவங்க சொன்ன காரணம் பொய்."

"இத்தனை வருஷமா நீங்க ஒண்ணும் கண்டுபிடிக்கல. அவன் ஒரு பொட்டலத்துல குடுத்துட்டான். அந்த ஆத்திரம் உனக்கு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஆமா, ஆத்திரம்தான். சுகர் ஏறும், எலும்பு உளுத்துப்போகும், சின்ன சளி வந்தாக்கூடத் தாங்காது. அப்ப யார் பாக்கப்போறா, அவனா?" என்று கத்தினேன். அம்மா மிச்சப் பட்டாணியை உரித்து முடித்துவிட்டு, தோலை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை ஏறத்தான் ஏறியிருந்தது. சட்டென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலைந்துவிடும் என்றார். கணக்கான அளவில் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கூடவே அம்மா நிறுத்திய பழைய மாத்திரையை, வயிற்றைப் புரட்டாதபடி வேறு விதமாக ஆரம்பிக்கவேண்டும். "வலி திரும்ப வருமா?" என்று அம்மா கேட்டாள். "வரும், முன்ன அளவுக்கு வராம பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். பாத்துக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா மறுபடி கேட்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் நான் போனை எடுத்தேன். பொடி குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் உடனே சொல்லிவிட நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

"உன்னை நம்ப மாட்டாங்க. மருந்து கம்பெனி ஆளு, அப்படித்தான் பேசுவாங்கன்னு சொல்லுவாங்க. நடந்தவ நான். நாளன்னிக்கு ஞாயிறு. நானே சொல்றேன்."

"சர்ச்லயா? எல்லார் முன்னாடியுமா? பாஸ்டர்கிட்ட சொல்லி பேரை எடுத்துடலாம்மா."

"பேரை எடுத்துட்டா எடுத்துட்டாங்கன்னுதான் தெரியும். ஏன்னு தெரியாதே."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் யாரையும் பிடிக்காமல் எழுந்தாள். மருந்து இன்னும் உடம்பில் இருந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த வழியில் விறுவிறுவென்று நடந்து போனாள். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. முன்வரிசையில் யாரோ அதற்குள்ளேயே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டார்கள். மைக்கைச் சரி செய்துகொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"எனக்குச் சுகமாயிடுச்சுன்னு உங்கள்ல பல பேர்கிட்ட சொன்னேன். சுகமாகல. இப்ப நான் நடந்து வந்ததைப் பாத்தீங்க. இது கொஞ்ச நாளைக்குத்தான். அந்தப் பொடியில மூலிகை இல்ல, மறைச்சு ஸ்டீராய்டு கலந்திருக்காங்க. குடிக்கிறவங்க நீங்களா நிறுத்தாதீங்க, அது இன்னும் ஆபத்து. நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. நான் தப்பான சாட்சி ஆயிட்டேன். எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க."

சுகமாகவில்லை என்று அங்கே யாரும் சாட்சி சொல்லிக் கேட்டதில்லை. அதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஸ்டர் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டு எண்ணைச் சொன்னார். அம்மாவின் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்திருந்தது. எனக்கு அவளைப் பார்த்து அன்றைக்கு வந்த மரியாதை அதற்கு முன்னால் யார்மீதும் வந்ததில்லை.

வெளியே வந்ததும் பொடி கொடுத்த ஆன்ட்டி அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியாது டீச்சர், சத்தியமா தெரியாது. நானும் அதையேதான் குடிக்கிறேன்" என்றார். எந்த டாக்டரிடம் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் கோபமாக, நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். அவர் சொன்னதும் ஒரு கணக்கில் சரிதான். ஊன்றுகோலோடு நின்ற ஒரு வயசான அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"அந்த நிஜமான கொடி உங்க லேப்ல இருக்காமே. அதுல மருந்து எப்ப வரும்மா?"

விருந்தாளிகள் வந்தால் இந்தக் கேள்விக்கு நாங்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நம்பிக்கையூட்டும் முடிவுகள், அடுத்த கட்டம், இப்படிப் போகும் அது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது பாட்டிம்மா. வராமலேகூடப் போகலாம். வந்தாலும் ரொம்ப வருஷம் ஆகும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஊன்றுகோலை எடுத்துவைத்துப் போனார். ரொம்ப வருஷம் என்பது அவருக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

சர்ச் கேட்டுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தினேன். அம்மா ஏறவில்லை.

"நீ வேணா போ. முடியறப்பவே நடந்துக்கறேன்."

ஆட்டோவை அனுப்பிவிட்டு அவள் பின்னால் போனேன். வீட்டுக்குத் திரும்பவேண்டிய தெரு வந்தது. அம்மா திரும்பவில்லை. மார்க்கெட் பக்கமாகப் போகும் சுற்றுவழியில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயிலில் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். நானும் அந்த வழியிலேயே நடந்தேன்.