கமலநாதன் டேப்லட் வாங்கிய பிறகு

கிள்ளான் வட்டாரத்துக் கல்யாண டின்னர்களில் கிட்டாரோடு பாடுகிறவர் கமலநாதன். வயது ஐம்பத்தாறு. முந்நூறு பாட்டுகள், எந்த வரிக்குக் கிட்டாரில் எந்தக் கோர்டு என்பது உட்பட, அவர் தலைக்குள் இருந்தன. அந்தத் திமிரும் இருந்தது. மேடையில் டேப்லட்டை வைத்துக்கொண்டு பாடும் இளவட்டங்களைக் கண்டால், "டேய், பரீட்சைக்கா வந்தீங்க?" என்று மைக்கிலேயே கேட்டுவிடுவார். வாய் கொஞ்சம் நீளம்தான்.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் தானே ஒரு டேப்லட் வாங்கி, மைக் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு நின்றார். கீபோர்டு வாசிக்கும் லோகன் விடுவானா?

"என்னண்ணே, பரீட்சையா?"

"கண்ணு சரியா தெரியல லா. எழுத்தைப் பெருசாக்கிப் பாக்கலாம்ல."

மனப்பாடமாகப் பாடுகிறவருக்கு எதற்குக் கண் என்று லோகன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. பூச்சோங்கில் ஒரு டின்னரில், இருபது வருஷமாகப் பாடிய பாட்டின் சரணம் வரவில்லை. தொண்டை வரைக்கும்கூட வரவில்லை. அந்த இடமே காலியாக இருந்தது. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "நீங்க பாடுங்க!" என்று சமாளித்தார். ஜனங்கள் கைதட்டிப் பாடினார்கள். அவருக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

டேப்லட்டில் முதலில் சரணங்கள் ஏறின. அப்புறம் பல்லவிகள், கோர்டுகள். பிறகு பாட்டுக்கு நடுவே சொல்லும் "எல்லாருக்கும் வணக்கம்" கூட ஏறியது. மார்ச் மாதம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் வாங்கிவிட்டு அரை மணி நேரம் காரைத் தேடினார். அன்று அவர் நடந்துதான் வந்திருந்தார். அதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பயமாக இருந்தது. ரமணிக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம். மனைவி ரமணி மருத்துவமனைத் தாதி. தெரிந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போவாள், மேடையும் அன்றோடு முடியும்.

ஜூன் மாதம் செமினியில் லோகனின் தங்கைக்குக் கல்யாண டின்னர். கடைசிப் பாட்டுக்கு முன் பாடகர் கீழே இறங்கி, அது யாருக்கான பாட்டோ அவர் கையில் ஒரு ரோஜாவைக் கொடுத்துவிட்டு வருவது அந்தக் குழுவின் வழக்கம். லோகன் மைக்கைப் பிடுங்கினான்.

"இன்னிக்கு நம்ம அண்ணனுக்கு இருபத்தஞ்சாவது வெட்டிங் எனிவர்சரி! கல்யாணத்தன்னிக்கு அண்ணிக்காக அவரே எழுதுன பாட்டு இருக்கு. அண்ணே, பாடுங்க லா!"

சபை ஆர்ப்பரித்தது. கமலநாதனுக்கு அந்தப் பாட்டில் ஒரு வரிகூட நினைவில்லை. அப்படி ஒரு பாட்டை எழுதியதே நினைவில்லை. நேரத்தைக் கடத்த, விரலால் டேப்லட்டைத் தள்ளிக்கொண்டே போனார்.

பாட்டு அங்கே இருந்தது. முழுசாக, கோர்டுகளோடு. அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் யாரோ தட்டி வைத்திருந்தார்கள்:

"இது நீங்க எழுதுன பாட்டு. லோகன் பாடச் சொல்லுவான், பயப்படாதீங்க. ரோசாப்பூவை எனக்குக் குடுங்க. முன் வரிசையில பச்சைப் புடவை கட்டியிருப்பேன். ரமணி."

அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை மாதமாகவோ. அவருக்கு அவமானத்தை மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது. பாட்டு மறக்கும், கார் மறக்கும், கட்டினவளையுமா ஒருத்தன் மறப்பான்? புடவை நிறத்தை எழுதிவைக்க அவள் யார்?

ரோஜாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

முன் வரிசையில் பச்சைப் புடவையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தபடி சிரித்தாள்.

கமலநாதன் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண நாளும் அதுவுமாக மனைவி எதற்கு அழப்போகிறாள் என்று தோன்றியது.

சிரித்தவளிடம் பூவை நீட்டினார்.