கிறிஸ்துராஜ் சுற்றிய கம்பி

பழுது பார்த்த இடம் தெரியாமல் இருப்பதுதான் நல்ல வேலை என்றால், அதைச் செய்தவன் தான் செய்ததை யாரிடம் போய்ச் சொல்வான்? சொன்னால் வேலையின் மதிப்பு குறைகிறது. சொல்லாவிட்டால் ஆளே இல்லை என்றாகிறது. ராஜபாளையத்தில் ஆம்ப்ளிபயர் மெக்கானிக்காக இருந்த கிறிஸ்துராஜின் வாழ்க்கையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் இப்படியெல்லாம் யோசித்தவர் அல்ல. இதே கேள்வியை வேறு வார்த்தைகளில் கேட்டவள் அவர் மனைவி தேவகிருபை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை இருந்தது. ரேடியோ, சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிபயர், கோயில் குழாய் ஒலிபெருக்கி எல்லாம் பார்ப்பார். அவரிடம் வேலை கொடுக்கப் பலருக்குத் தயக்கம் உண்டு. சொன்ன நாளில் தரமாட்டார். பக்கத்தில் நின்று பார்த்தால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தேவகிருபை ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்ததால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த நன்றியை அவர் காட்டியதாக அவளுக்கு நினைவில்லை.

1981இல் காசிராஜன் ஒரு பெட்டியை இரண்டு பேர் தூக்கிவரக் கடைக்குக் கொண்டுவந்தார். காசிராஜன் பஞ்சு வியாபாரக் குடும்பம். சொந்தமாக இன்னிசைக் குழு வைத்திருந்தார், அதில் பேஸ் கிட்டார் வாசித்தார். மலையில் ஏதோ எஸ்டேட் கிளப்பை மூடியபோது வாங்கிய இங்கிலாந்துப் பெட்டி அது. கண்ணாடி வால்வு வைத்த, பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிபயர். போட்டால் பாட்டை மீறி இரைச்சல் கேட்டது.

"உசுரு இருக்கா பாருலே கிறிஸ்து. இல்லேன்னா அடுப்புக்குப் போட்டிருவோம்" என்றார் காசிராஜன்.

உள்ளே கண்டன்சர்கள் உப்பி வெடித்திருந்தன. வால்வுகள் தேய்ந்திருந்தன. அந்தச் சமயம் சுற்று வட்டாரத்தில் டூரிங் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அவற்றின் ஆம்ப்ளிபயர்களில் இதே வால்வு உண்டு. கிறிஸ்துராஜ் ஊர் ஊராகப் போய் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பெட்டி பேசியது. அதன் பிறகு அது அவர் கைக்கு வந்து வந்து போயிற்று.

வருவதற்கு ஒரு நிச்சயமான காரணம் இருந்தது. குழுவில் ஆயுத பூஜையை விமரிசையாகச் செய்வார்கள். தபேலா, டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பெட்டிக்கு எங்கே வைப்பது? சத்தம் வருகிற இடம்தானே அதன் முகம் என்று முன்பக்கத் துணியைக் கழற்றி, ஸ்பீக்கரின் காகிதக் கோன் மேலேயே சந்தனத்தைக் குழைத்துப் பூசுவார்கள். ஈரத்தில் காகிதம் ஊறும். அடுத்த கச்சேரியில் விளிம்பு கிழியும். கிறிஸ்துராஜ் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை வளையமாக வெட்டி, சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசையால் விளிம்பில் ஒட்டிக் காயவைப்பார். துணி காகிதத்தைவிட நன்றாக அசைந்து கொடுத்தது.

ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அண்ணாச்சி, சந்தனத்தப் பெட்டி மேல வைக்கச் சொல்லுங்க. கோன்ல வேண்டாம்."

காசிராஜன் சிரித்தார். "வேதக்காரனுக்கு எங்க சாமி காரியத்துல என்னலே சோலி? ஒன் வேலையப் பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கிறிஸ்துராஜ் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆயுத பூஜை முடிந்த வாரம் பேண்டேஜ் துணி வாங்கி வைத்துக்கொள்வார்.

பெரிய சேதம் கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்யாணக் கச்சேரியில் நடந்தது. ஸ்பீக்கர் ஒயர் கழன்று கிடப்பதைக் கவனிக்காமல் காசிராஜன் கிட்டாரை வாசித்துப் பார்த்திருக்கிறார். சத்தம் வரவில்லை என்று இன்னும் கூட்டி வைத்து வாசித்திருக்கிறார். வால்வு ஆம்ப்ளிபயர் இதைத் தாங்காது. வெளியே போக வழியில்லாத மின்சாரம் பெட்டிக்குள் இருந்த டிரான்ஸ்பார்மரைத் தீய்த்துவிட்டது. இந்தியாவில் அதற்கு மாற்று கிடையாது. அடுத்த கச்சேரியோ ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆடிப்பூரத்தை ஒட்டி.

கிறிஸ்துராஜ் தீய்ந்த டிரான்ஸ்பார்மரைப் பிரித்தார். கம்பியைச் சுற்றுச் சுற்றாக உருவி, எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று மனதில் வைத்துக்கொண்டு, புதுச் செம்புக் கம்பியைக் கையால் சுற்றினார். பழைய இரும்புத் தகடுகள் போதாது என்று தோன்றியதால் கொஞ்சம் பெரிய தகடுகளைப் போட்டார். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்து, கச்சேரி அன்று மத்தியானம் கொண்டுபோய் மாட்டினார்.

அன்று சாயங்காலம் அந்தப் பெட்டியிலிருந்து வந்த சத்தம் அதற்கு முன் வந்ததில்லை. காதுக்கு வருமுன் நெஞ்சில் வந்து அழுத்தியது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பாட்டை விட்டுவிட்டுக் காசிராஜனின் விரல்களைப் பார்த்தார்கள்.

தேவகிருபையும் வந்திருந்தாள். கச்சேரி முடியும்போது குழுத் தலைவரான காசிராஜன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நன்றி சொல்வது வழக்கம், கூட்டம் கைதட்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். பாடகர்கள், தபேலா, டிரம்ஸ், வன்னியம்பட்டி முத்துவீரன் சவுண்ட் சர்வீஸ், பந்தல்காரர் என்று வரிசையாக வந்தது. கடைசியில் குழுவினருக்குக் குளிர்பானம் கொடுத்து உதவிய சோடாக் கடைக்காரர். அவருக்கும் கைதட்டினார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தேவகிருபை கேட்டாள்: "சோடாக் கடைக்காரன் பேரு வந்துச்சு. ஒங்க பேரு எங்க?"

"அவிய சோடா குடிச்சாகல்லா."

"ஒங்களக் குடிக்கலியாக்கும்? மூணு நாளா வெயில்ல கெடந்து காஞ்சது நீங்களா, டிரான்ஸ்பார்மரா?"

அந்தக் கேள்வி அவருக்குள் போய்விட்டது. கடைக்குக் காசிராஜன் வந்த ஒரு நாள், முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அண்ணாச்சி, எல்லாப் பேரையும் சொல்லுதீய. எம்பேரையும் ஒருதரம் சொன்னா என்ன?"

காசிராஜன் கோபப்படவில்லை. அதுதான் மோசம். நியாயம் சொன்னார். "ஒம்பேரைச் சொன்னா பெட்டி ரிப்பேருன்னு சனம் நெனைக்கும்லே. நல்லா இருக்க பெட்டிக்கு மெக்கானிக் எதுக்கு? நீ வேலைய ஒழுங்காச் செஞ்சிருக்க. அதான் ஒம்பேரு வரல."

இதற்கு மறுப்பு சொல்ல எவருக்கும் கஷ்டம்தான். கிறிஸ்துராஜ் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். பிறகு வந்த ஆண்டுகளில் பெட்டியின் சட்டத்தில் கரையான் பிடிக்க, மரத்தையும் மாற்றினார். ஸ்விட்ச், வால்வு சாக்கெட், ஒயர் எல்லாம் மாறின. இங்கிலாந்திலிருந்து வந்தது என்று சொல்ல முன்பக்கத்துப் பெயர்த் தகடு ஒன்றுதான் மிஞ்சியது. அதைக் காசிராஜன் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். "சீமைப் பெட்டிய்யா. அந்தச் சத்தம் நம்மூர்ச் சாமான்ல வருமா?" என்று கிறிஸ்துராஜை வைத்துக்கொண்டே பிறரிடம் சொல்வார். அவரைச் சுட்டும்போது "நம்ம பய" என்பார். இருவருக்கும் வயது ஒன்றுதான்.

தொண்ணூறுகளில் கீபோர்டு வந்தது. இடது கையால் பேஸையும் அதிலேயே வாசித்தார்கள். காசிராஜனின் குழு கலைந்தது. பெட்டி, பஞ்சு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் ஒரு மூலைக்குப் போயிற்று. கிறிஸ்துராஜின் கடையும் எடுபடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் வாடகைக்கு வந்து, வீட்டு முன்னறையில் மிக்ஸியும் டேப் ரெக்கார்டரும் பார்த்தார். மிக்ஸி கொண்டுவருகிறவர்கள் பிளேடைச் சாணை பிடித்துத் தரச் சொல்வார்கள். பிடித்துக் கொடுத்தார்.

1994இல் காசிராஜனிடமிருந்து ஆள் வந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் பழைய வால்வுப் பெட்டிகளை வாங்குகிறாராம். பெட்டியை எழுப்பித் தரவேண்டும். தேவகிருபை போகக்கூடாது என்றாள். அவர் போனார்.

கிட்டங்கியிலேயே உட்கார்ந்து வேலை செய்தார். பசை ருசிக்கு எலிகள் ஸ்பீக்கர் விளிம்பைத் தின்றிருந்தன. புதுத் துணி ஒட்டினார். கண்டன்சர்களை மாற்றினார். அங்கே கிடந்த பஞ்சிலேயே ஸ்பிரிட்டைத் தொட்டு வால்வுக் கால்களைத் துடைத்தார். டிரான்ஸ்பார்மரை மட்டும் தொடவில்லை. அது அப்படியே இருந்தது.

பெங்களூர்க்காரர் வேனில் வந்தார். தானே கிட்டார் கொண்டுவந்திருந்தார். தேவகிருபை மத்தியானச் சோற்றுடன் வந்து கதவோரம் நின்றிருந்தாள். பெங்களூர்க்காரர் வாசித்தார், நிறுத்தினார், மறுபடி ஒரே தந்தியை மட்டும் தட்டி, அது அடங்கும்வரை கேட்டார். பின் பலகையைக் கழற்றச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதே மாடல் என்கிட்ட மூணு இருக்கு. ஒண்ணுலயும் இந்தச் சத்தம் வராது. இந்த டிரான்ஸ்பார்மர் கம்பெனி செஞ்சது கிடையாது. யார் செஞ்சது? அந்த ஆள் எனக்கு வேணும் சார். பெட்டியோட அவரையும் கூட்டிட்டுப் போறேன்."

காசிராஜன் கிறிஸ்துராஜின் தோளில் கையை வைத்தார். "இவர்தான் சார். மிஸ்டர் கிறிஸ்துராஜ். பதிமூணு வருசமா இந்தப் பெட்டியத் தொட்டது இவர் கை ஒண்ணுதான். இவர் இல்லேன்னா நான் இல்ல."

'இவர்' என்று காசிராஜன் சொல்லிக் கேட்டது அன்றுதான் முதல் தடவை என்கிறாள் தேவகிருபை. அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பெங்களூர்க்காரர் கைகொடுக்கக் கையை நீட்டினார்.

கிறிஸ்துராஜ் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி ஆளு மாத்திச் சொல்லுதாக சார்" என்றார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. நல்லா இருக்க பெட்டிக்கு மெக்கானிக் எதுக்கு? பெட்டியத் தூக்கிவிட வந்தவன் நான்."

"ஏலே! என்ன சொல்லுத?" என்றார் காசிராஜன். தோளிலிருந்து எடுத்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"யாரோ மெட்ராஸ்காரரு செஞ்சதுன்னு கேள்வி" என்றார் கிறிஸ்துராஜ், பெங்களூர்க்காரரிடம் மட்டும். "இப்ப அவரு இல்ல."

பெங்களூர்க்காரர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். கடைசியில் பெட்டி மட்டும் போதும் என்று ஒத்துக்கொண்டார். வேன் டிரைவர் ஒரு பக்கம் பிடிக்க, கிறிஸ்துராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினார்.

பஸ்ஸில் தேவகிருபை அழவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு பல வருஷங்கள் வெவ்வேறு விதமாகக் கேட்டாள். சண்டையில் கேட்டாள், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். அவர் சொல்லவில்லை.