கரையில் யாரும் இல்லை

இது நடந்தது. நடந்ததாகச் சொன்னவர் பொய்யே அறியாதவர் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பொய் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் அவர் விடும் கதைகளில் எல்லாம் கடைசியில் அவர்தான் பெரிய மனிதராக நிற்பார். இந்தக் கதையில் அவருக்கு மிஞ்சியது அவமானமும் காய்ச்சலும் மட்டுமே. நம்புவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அவர் ஓவியர். ஓவியர் சங்கத்தில் அவருக்கு மூடுபனியார் என்று பெயர். எதிரில் மரியாதையாகவும் அந்தப் பக்கம் போனதும் சிரித்துக்கொண்டும் சொல்வார்கள். அவர் வரைவதெல்லாம் பனிதான். பனியில் ஏரி, பனியில் மரம், பனியில் பனி.

வரையும் முறை சிக்கலானதில்லை. கெட்டித் தாளைப் பலகையில் ஒட்டி, ஸ்பாஞ்சால் நனைத்து, வாட்டர்கலரைப் படரவிடுவார். சாம்பல், நீலம், கொஞ்சம் ஊதா. அது ஓடிக் கலந்து நன்றாகக் காய்ந்த பிறகு, பேஸ்டல் குச்சியைப் படுக்கவைத்து மேலே லேசாக இழுப்பார். சாக்பீஸ் மாதிரி தூள் ஒட்டும். விரலால் தேய்த்தால் மூட்டம். அடியில் இருக்கும் வண்ணம் அந்தத் தூளின் இடுக்குகள் வழியாக எட்டிப் பார்க்கும். ஆக, கீழே ஈரத்தில் போட்டது, மேலே உலர்ந்த தூள். தூள் ஏறிய பிறகு அடியில் இருப்பதை யாரும் தொட முடியாது. தொட்டால் மேலே கலைந்துவிடும். பயமே இங்கேதான் இருக்கிறது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் அறிவித்தார். "இயற்கையின் மேல் விழுந்த கறை மனிதன். என் நிலக்காட்சியில் அவனுக்கு இடமில்லை. மூன்று மாதம் தனிமைக்குள் செல்கிறேன். பதினைந்து ஓவியங்களோடு திரும்புவேன்." கைதட்டல். கடைசி வரிசையில் அவர் மனைவி கொட்டாவி விட்டார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உலகத்தில் பாதிப் பேருக்குச் சரியாகக் கண் தெரியாது என்பது அவருடைய தொழில்முறைக் கருத்து.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார்: "பனியை வரையறதுக்கு மூணு மாசமா? வெள்ளைத் தாளை அப்படியே மாட்டிடலாமே."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"பத்து நாள்ல ஓடி வந்துடுவீங்க. எனக்கு அது நல்லாப் புரியுது."

"வந்தா என்னை என்னன்னு வேணாலும் கேளு."

சிக்கல் இங்கே ஆரம்பித்தது. இனி படங்கள் இல்லாமல் அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

ஒரு நீர்த்தேக்கத்துக்கு மேலே, சரிவில் தனியாக நின்ற வீடு. போனில் பேசி வாடகைக்கு எடுத்தது. பெரிய ஜன்னல். அவர் போய் இறங்கியபோதே கண்ணை மறைக்கும் பனி. எதிரே சரிவு, அதற்குக் கீழே தட்டையான சாம்பல் பளபளப்பு, அதற்கு அப்பால் ஒரு கோடாகத் தூரத்துக் கரை. அவ்வளவுதான் தெரிந்தது. அவருக்கு அது போதும். கரைக்கு அவர் இறங்கவேயில்லை. "தூரம் இருந்தால்தான் காற்றை வரைய முடியும்" என்பது கொள்கை. முழங்கால் வலி என்பது காரணம்.

தனிமையைத் தேடிப் போனவரை ஐந்தே நாளில் தனிமை கண்டுபிடித்துவிட்டது. வந்து எதிரில் உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. மனிதக் குரல் ஒன்றைக் கேட்க வேண்டும் போலிருந்ததால், பேஸ்டலை நிலைநிறுத்தும் ஸ்ப்ரே டப்பாவில் அச்சடித்திருந்த எச்சரிக்கைகளை அவரே சத்தமாகப் படித்தார். முடித்ததும் அறை முன்பைவிடப் பெரியதாகிவிட்டது.

மனைவி போனில் கேட்டார்: "எப்படி இருக்கு?"

"அற்புதம்."

"சாப்டீங்களா?"

"அற்புதமா."

துணை என்று ஒன்றே ஒன்று இருந்தது. மாலை நாலரை வாக்கில், வெளிச்சம் மங்கும்போது, கீழிருந்து ஒரு சத்தம் வரும். சளக்… சளக்… தண்ணீர் கரையைத் தொட்டுத் தொட்டுப் போகும் சத்தம். தூளியில் போட்டு ஆட்டுவது மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே வரைவார்.

முதல் படம் முடிந்தது. மறுநாள் காலை பார்த்தார். தண்ணீர்ப் பகுதியில், தூரத்துக் கரைக்குச் சற்றுக் கீழே, ஒரு கருமை. செங்குத்தாக. பேஸ்டல் தூளுக்கு அடியில்.

வண்ணம் ஓடியிருக்கும் என்று நினைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

கால்கள். தோள். தலை.

தலைகீழாக. தூரக் கரையில் நிற்கும் ஆள் தண்ணீரில் எப்படித் தெரிவானோ அப்படி. கால் கரையை ஒட்டி, தலை நம்மைப் பார்த்து. பிம்பம் கச்சிதமாக இருந்தது.

கரையில் மட்டும் ஆளில்லை.

மனிதனுக்கு இடமில்லை என்று மைக்கில் சொன்னவரின் படத்துக்குள் ஒருவன் கேட்காமல் வந்து நின்றிருக்கிறான். மூடுபனியாருக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். வெள்ளைப் பேஸ்டலை எடுத்து அழுத்தித் தேய்த்து மூடினார்.

இரண்டாவது படத்திலும் இருந்தது. அதில் தலை இன்னும் கீழே இறங்கியிருந்தது. சூரியன் சாய்ந்தால் நிழல் நீள்கிற மாதிரி பிம்பமும் நீளும் என்று தனக்குத்தானே ஒரு வகுப்பு எடுத்தார். எந்தச் சூரியன்? வந்த நாளாக அவர் சூரியனைப் பார்க்கவேயில்லை.

சாமான் கொண்டுவந்து போடும் மளிகைக்காரர் அன்று வந்தார். மூடுபனியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கரையில யாராவது நிப்பாங்களாப்பா?"

"அங்க யாரு சார் போவா இப்போ."

"மீன் பிடிக்க?"

"மீனா!" மளிகைக்காரர் நல்ல நகைச்சுவையைக் கேட்டதுபோல் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க." ஸ்கூட்டர் பனிக்குள் போய்விட்டது. இன்னும் ஐந்து நிமிடம் அவரை நிறுத்திவைக்க ஏதாவது பேச்சு கிடைத்திருக்கக்கூடாதா என்று மூடுபனியார் வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

மூன்றாவது படம். நான்காவது. ஐந்தாவது.

ஐந்தாவதில்தான் கவனித்தார். பிம்பம் நீளவில்லை. அளவு அதேதான். மொத்தமாக நகர்ந்திருக்கிறது. கால்கள் கரையை விட்டு வந்துவிட்டன. கரைக்கும் காலுக்கும் நடுவே வெறும் சாம்பல் வண்ணம்.

ஆளை விட்டுவிட்டுப் பிம்பம் மட்டும் எப்படி வரும்?

ஆறாவது தாளில் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். வாட்டர்கலரைப் படரவிட்டார். ஹேர் டிரையரால் காயவைத்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். சுத்தம். ஒரு புள்ளி இல்லை. மேலே பேஸ்டல் போட்டார். மூலையில் கட்டைவிரலை அழுத்தி ரேகையைப் பதித்தார். யார் தொட்டாலும் தெரிந்துவிடும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்தார்.

எழுந்திருக்கவில்லை. கழிவறைக்குக்கூடப் போகவில்லை.

நாலரை ஆனது. சளக்… சளக்…

ரேகை கலையவில்லை. தூள் கலையவில்லை.

உலர்ந்த தூரிகையை எடுத்தார். நடுவில் ஒரு பட்டைத் தூளை மெதுவாகத் தட்டி நீக்கினார்.

அடியில் இருந்தது.

ஈரத்தில் படர்ந்து, காய்ந்து, விளிம்பு கட்டிய வாட்டர்கலர். அவருடைய அதே சாம்பல். அவருடைய அதே ஊதா. அவர் போட்ட அந்தப் பூச்சிலேயே இருந்தது.

செல்போனைப் பார்த்தார். அதில் இல்லை.

அன்றே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கையில் ஆறு படம்தான் இருக்கிறது, வாசலில் மனைவி நின்று பத்து நாள் கணக்கைச் சொல்லிச் சிரிப்பார் என்று தோன்றியது. பேய் பயமா மனைவி பயமா என்று தராசில் வைத்துப் பார்த்தார். மறுநாள் ஏழாவது தாளை நனைத்தார்.

ஏழாவது படம்.

நடுவில் தூளைத் தட்டினார். எதுவும் இல்லை.

"அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னார். காலியான அறையில் அது யாரிடமோ சொன்னது போல இருந்தது.

பிறகு ஏனோ, கீழ் ஓரத்தையும் தட்டினார்.

தாள் முடியும் இடம். ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும் சரிவு.

அங்கே இருந்தது தலை. விளிம்பைத் தொட்டுக்கொண்டு.

சளக்…

சத்தம் கீழே கரையில் இல்லை.

சளக்…

ஜன்னலுக்கு அடியில்.

போனை எடுத்தார். விரல் முழுக்கத் தூள். மூன்றாவது முறைதான் எண் விழுந்தது.

"என்னை வந்து கூட்டிட்டுப் போயேன்."

மனைவி கேலி செய்யவில்லை. அந்தக் குரலை அவர் இதற்கு முன் கேட்டதில்லை. "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. தனியா இருக்க முடியல."

"இந்தப் பனியில இப்போ வண்டி ஓட்ட முடியாதுங்க. விடிஞ்சதும் கிளம்புறேன். ஜன்னலைச் சாத்துங்க. தூக்க மாத்திரை இருக்கா? போட்டுக்குங்க. போனைச் சார்ஜர்ல போட்டுத் தலைமாட்டுல வைங்க. நான் பேசிட்டே இருக்கேன்."

மனைவி பேசிக்கொண்டே இருந்தார். அறிவாளியாகத் தெரிய வேண்டும் என்று பவரே இல்லாத கண்ணாடி வாங்கிப் போன வாடிக்கையாளரைப் பற்றி. மூக்கில் உட்கார மறுக்கும் ஒரு ஃபிரேமைப் பற்றி. மூடுபனியார் போர்வைக்குள் இருந்து "ம்" கொட்டினார். எத்தனையோ வருடமாக அந்தக் கடைக் கதைகளுக்கு அவர் காதே கொடுத்ததில்லை. அன்று ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. எங்கேயோ ஒரு ஃபிரேமின் நடுவில் தூங்கிப் போனார்.

காலை பத்து மணிக்குக் கார் வந்தது. காய்ச்சலோடு ஏறி உட்கார்ந்தார். பத்து நாள் கணக்கை மனைவி எடுக்கவேயில்லை. அது போதாதென்று அவருடைய முழங்காலில் போர்வையை வேறு இழுத்துவிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் கனவென்று தள்ளிவிடலாம். மூடுபனியார் கண்காட்சி வைத்தார்.

காய்ச்சல் விட்டதும் கர்வம் வந்துவிட்டது. பதினைந்து இல்லை, ஏழுதான். ஆனால் சங்கத் தலைவர் படங்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். முதல் படத்தில் மூடிய வெள்ளை உதிர்ந்து உருவம் தெளிவாகத் தெரிந்தது. பத்திரிகை விமர்சகர் ஒருவர், "இல்லாதவனின் இருப்பு, கரை மறுத்த மனிதனை நீர் ஏற்கிறது" என்று அரைப் பக்கம் எழுதினார். அது என்ன என்று கேட்டவர்களிடம் மூடுபனியார் கண்ணை மூடி, "அது தானாக வந்தது" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உண்மை. அதற்குத்தான் அதிகம் கைதட்டினார்கள்.

நிறைவு விழாவுக்கு ஒரு பொறியாளரைத் தலைமை விருந்தினராகப் பிடித்திருந்தார்கள். அந்த நீர்த்தேக்கத்தையே பராமரிக்கும் பொறியாளர். பொருத்தமாக இருக்குமே என்று தலைவரின் யோசனை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழு படத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"எப்போ வரைஞ்சது சார்?"

"போன மாசம். அங்கேயே தங்கி, கண்ணால பார்த்துப் பார்த்து."

"கண்ணாலயா?" பொறியாளர் சங்கடமாகச் சிரித்தார். "மதகு மாத்துறதுக்காக மூணு மாசமா மொத்தத் தண்ணியையும் இறக்கி வச்சிருக்கோம் சார். அங்க வெறும் சேறுதான். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

அரங்கமே சிரித்தது. இயற்கையை நேரில் கவனிக்கப் போனவர் தண்ணீர் இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. "கலைஞனின் அகக்கண்!" என்று தலைவர் கூவிப் பார்த்தார். சிரிப்பு இன்னும் பலமானது.

மூடுபனியாருக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இல்லை.

தண்ணீர் இல்லையென்றால், அது பிம்பம் இல்லை.

அப்படியானால் தூரக் கரையிலிருந்து, கால்களை மேலே வைத்துக்கொண்டு, சேற்றில் தலையால்… ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக…

மனைவியைத் தேடினார். கண் செக் பண்ணச் சொன்னேனே என்று கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். அந்தக் கேலி அவருக்கு அப்போது தேவைப்பட்டது. ஆனால் அந்த அரங்கில் அவரைத் தவிர சிரிக்காமல் நின்றவர் மனைவி மட்டும்தான்.

"தண்ணியே இல்லையாமா?" என்றார் மனைவி. உதடு மட்டும் அசைந்தது.

"இல்லையாம்."

"அன்னிக்கு நீங்க தூங்கினப்புறம் நான் போனை வைக்கலைங்க. ரொம்ப நேரம் கேட்டுட்டே இருந்தேன். குறட்டை வந்துச்சு. சரி, தூங்கட்டும்னு இருந்தேன்."

"ம்."

"அப்புறம் தண்ணி சத்தம் கேட்டுச்சு. போனுக்கு ரொம்பக் கிட்டத்துல. எழுந்து முகம் கழுவுறீங்கன்னு நெனச்சேன்."

"நான் எழுந்திருக்கவே இல்லையே."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும். குறட்டை நிக்கவே இல்ல."