கட்டிலில் இன்னொரு கை

நரம்பியல் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்த கையோடு ரெக்கார்டரில் பேசிவைப்பார்கள். அவள் அதைக் கேட்டுக் கேட்டு டைப் செய்வாள். எல்லோருக்கும் அவள் 'ஹெட்போன் அக்கா'. பெரிய டாக்டர் வாய்க்குள்ளேயே முனகுவார். அதை எழுத்தாக்க அவளை விட்டால் ஆளில்லை. ஹெமிபிளீஜியா, அஃபேசியா, ஸ்கிசோஃப்ரீனியா எல்லாம் அவள் விரல்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஆட்கள் இருப்பதை மட்டும் நினைக்கமாட்டாள். நினைத்தால் சோறு இறங்காது என்பாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மத்தியானம் மோட்டார் அறையில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்கட்டு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் பிசகவில்லை.

தலையணை முட்டுக்கொடுத்து அவரை உட்காரவைத்த அன்று, அவள் வேலைக்கு நடுவே கஞ்சி கொடுக்க மாடி ஏறி வந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கதவைச் சாத்து. கட்டில்ல வேற யாரோ கை கிடக்கு."

எப்போதும் கேலி பேசுகிற மனிதர். அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தன் இடது மணிக்கட்டை வலது கையால் பதமாகத் தூக்கி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு."

"இது உங்க கைதாங்க."

"என் கை எனக்குத் தெரியாதா? இது பொம்பளைக் கை." கொஞ்சம் யோசித்தார். "உங்க அம்மா கை."

அவள் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்தவரை மாமியாருக்கும் மருமகனுக்கும் ஏழாம் பொருத்தம். இப்போதோ அவர் அந்தக் கையிடம் அத்தனை மரியாதையாக நடந்துகொண்டார். "அத்தை, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அசைவார். அத்தைக்குக் குளிரும், போர்த்திவிடு என்று நர்ஸிடம் சொல்வார்.

பெரிய டாக்டர் வந்து, அப்படியானால் உங்கள் இடது கை எங்கே என்று கேட்டார். அவர் தலையணைக்கு அடியில் துழாவிப் பார்த்துவிட்டு, இங்கேதான் எங்கேயோ இருந்தது என்றார். டாக்டர் ரெக்கார்டரை வாயருகே கொண்டுபோய் ஒரு வார்த்தை சொன்னார்: சொமட்டோபாராஃப்ரீனியா. அவள் அதை முன்பே டைப் செய்திருக்கிறாள். அதில் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அது கஞ்சி குடித்துக்கொண்டு, தன்னைப் பார்த்துப் பேசும் என்று அவளுக்குத் தெரியாது.

எந்த உறுப்பு நம்முடையது என்று சொல்கிற இடத்தில் அடிபட்டிருக்கிறது, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் விளக்கினார்.

பார்க்க வந்த நாத்தனாருக்கு ஒரே கவலைதான்.

"அண்ணி, இது நரம்பா, மனசா? நரம்புன்னா வெளியில சொல்லிக்கலாம்."

டாக்டர் காதில் அது விழுந்துவிட்டது. "மூளை ஒண்ணுதாம்மா. நாமதான் நரம்புக்கு ரெண்டாவது மாடி, மனசுக்கு மூணாவது மாடின்னு பிரிச்சு வச்சிருக்கோம்" என்றார். நாத்தனார் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நரம்பு என்றே சொன்னாள்.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, அவள் நீண்ட லீவு போட்டாள். அந்தக் கைக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லியிருந்தார்கள். வேலை இல்லாமல் கிடந்ததில் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் கறை போய்விட்டது. தோல் வெளுத்து, மெத்தென்று லேசாக வீங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அதைப் பார்த்தால் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் அசந்து தூங்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு அன்றாடக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் சொட்டுவது, நாத்தனாரின் புலம்பல். ஒருநாள் பேச்சுவாக்கில் "அம்மா" என்று வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், அந்தக் கை அவள் விரல்களைப் பிடித்தது. லேசாக அல்ல, இறுக்கி. அவர் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவள் உருவிக்கொள்ளவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

அவர் கண் விழித்ததும் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அத்தை கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க. இப்பதான் பிடிச்சாங்க."

அம்மா போன அன்று அவள் கீழ்த்தளத்தில் இருந்தாள். செல்போன் லாக்கரில் இருந்தது. கடைசியில் கூட இருந்த பக்கத்து வீட்டம்மா, 'கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க' என்று அவளிடம் தனியாகச் சொன்னார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட.

டாக்டருக்குப் போன் செய்து, கை பிடித்ததை மட்டும் சொன்னாள். அது கிராஸ்ப் ரிஃப்ளெக்ஸ், உள்ளங்கையில் பட்டதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதுவும் அவள் டைப் செய்த வார்த்தைதான். சரிங்க டாக்டர் என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார்கள். அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு காலையில் வெந்நீரில் துணியை நனைத்து உடம்பு துடைத்துவிடும்போது அவர் முகம் சுளித்தார்.

"கொதிக்குதுடி. என் கையை வேகவச்சிராதே."

துணி அவள் கையிலேயே நின்றது. "யார் கைங்க?"

"இது என்ன கேள்வி? என் கைதான்."

நாத்தனார் ஓடிவந்து நடந்ததையெல்லாம் சொன்னபோது அவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அந்தம்மா பக்கத்தில் படுத்திருந்தால் விழுந்த காலோடே எழுந்து ஓடியிருப்பேன் என்றார். அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. வீடே கலகலத்தது. அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மெனக்கெட்டு விரல்களை மடக்கி, மெல்லப் பிரித்துக் காட்டினார். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேங்க."

கிண்ணத்தை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அம்மாவைத் தூக்கிப்போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. தண்ணீர் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேங்குது. நீயே போட்டு விடேன்" என்றார்.

குனிந்து போட்டுவிட்டாள்.