தண்ணீர் குடிக்காத நிருபர்

நிருபர் வேலையில் போகிற இடமெல்லாம் டீ கொடுப்பார்கள். கழிப்பறை எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் பெண்களே, விருத்தாசலத்தில் மொபெட்டில் செய்தி சேகரித்த நானும் உங்கள் கட்சிதான்.

கூட்டம்

கம்மாபுரம் பக்கம் நிலம் எடுப்பது பற்றிய கூட்டம். காலையில் வரவேண்டிய அதிகாரி மத்தியானம் தாண்டி வந்தார். சுற்றிலும் ஆண்கள், மறைவில்லாத வயல். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நாளாக விலாவுக்குக் கீழே இருந்த வலி அன்று முற்றி, சித்திரை வெயிலில் உடம்பு குளிரில் உதறியது. பக்கத்திலிருந்த விவசாயி போர்த்திக்கொள்ளத் துண்டைக் கொடுத்தார்.

"நெலம் போவுதுன்னு நாங்கதான் நடுங்கணும். உனக்கு என்னம்மா?"

கல்

டாக்டரம்மா சிறுநீர் சோதனையும் ஸ்கேனும் பார்த்தார். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று, கல் இல்லை. மாத்திரையை முழுதும் முடிக்க வேண்டும், அடக்கவே கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார். எங்கள் ஊரில் கிட்னி என்றால் கல்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாழைத்தண்டோடு வந்தார்கள். எங்கள் போட்டோகிராபர் சலீம் பாய் சாறாகவே பிழிந்து பாட்டிலில் கொண்டுவந்தார்.

"ஸ்கேன்ல தெரியாத கல்லும் இருக்குதும்மா. குடிங்க."

லீவு

காய்ச்சல் விட்டது. மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் அதையும் விட்டேன். இன்னும் சில நாள் லீவு வேண்டும் என்று செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன். பீங்கான் கம்பெனியில் கூலித் தகராறு, ஆளில்லை என்றார்.

"ஒரு கிட்னிதானம்மா? இன்னொண்ணு இருக்குல்ல?"

சூளை

போனேன். எரியும் சூளைக்குப் பக்கத்தில் நின்றும் குளிரில் பல் கிட்டியது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இந்த முறை ஊசி, டிரிப், படுக்கை. மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னதும் டாக்டரம்மா கோபப்படக்கூட இல்லை.

"பாதி வெந்த பீங்கான இந்த ஊர்ல யாராவது சூளையிலேருந்து எடுப்பாங்களா?"

சாவி

மாத்திரையை முடித்தேன். மறுசோதனையில் தொற்று இல்லை. தண்ணீர் பாட்டிலோடு வேலைக்குத் திரும்பினேன். ஓர் அரசு அலுவலகத்தில் மனு வாங்கும் நாள்; கழிப்பறை பூட்டியிருந்தது. சாவியைக் கேட்டேன். ஊழியர் தயங்கினார். நான் நகரவில்லை; கொடுத்துவிட்டார். வெளியே வந்தபோது, மனு கொடுக்க வந்த பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்ற, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாவிய அவங்ககிட்ட குடுத்துடாதீங்க. நாங்க சாயங்காலம் வரைக்கும் இருக்கணும்."

இத்தனை வருடம் பத்தி பத்தியாக எழுதியதில், அதிகாரிகளிடமிருந்து நான் கையோடு வாங்கி வந்தது அந்த ஒரு சாவிதான்.