லூனாவுக்குப் போட்ட வளையம்

எட்டாம் வகுப்போடு வந்தவன் நான். பேர்லினில் குழாய் பூட்டப் பழகி, அங்கேயே நொய்கெல்ன் பகுதியில் கடை போட்டு, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து, கோயில் மடப்பள்ளிக்குத் தண்ணீர்க் குழாயும் இழுத்துக் கொடுத்தேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. அப்படிப்பட்ட நான் போன மாரி முழுக்க, மகள் வீட்டு மூன்றாம் மாடியில் ஒரு பெட்டை நாய்க்குக் காவலாக அடைபட்டுக் கிடந்தேன்.

லூனா மகளின் நாய். குட்டி போடாமலிருக்கக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு, படுத்த இடமெல்லாம் ஈரம். ஊரில் என்றால் நாய் முற்றத்தில் படுக்கும், மண் குடித்துவிடும். இங்கே பலகைத் தரை ஊதிப்போகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் அதன் படுக்கைத் துணி மாற்ற நான்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் இருந்தபோது நகர எல்லையைத் தாண்ட அனுமதி கேட்க வேண்டும். இப்போது வாசற்கதவைத் தாண்டவே வழியில்லை.

“வேணுமெண்டுதான் மாமா செய்யுது. டியர்ஹைம்ல விடுவம்” என்றார் மருமகன். ஆளில்லாத மிருகங்களின் விடுதி அது.

“இல்லைத் தம்பி, முழிச்சிருக்கேக்க ஒரு சொட்டு விழாது. நித்திரையிலதான் ஒழுகுது.”

நானே மிருக டொக்டரிடம் கொண்டுபோனேன். ஒழுகாத குழாயை ‘டிஷ்ட்’ என்போம். அந்த நினைப்பில், “என்ர நாய் நிஷ்ட் கன்ஸ் டிஷ்ட்”, முழுசாக டிஷ்ட் இல்லை, என்று ஜெர்மனில் விளக்கினேன். வரவேற்பில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கு ‘மூளை கழண்டது’ என்று அர்த்தமாம்.

டொக்டர் சிரிக்கவில்லை. “நித்திரையில் மட்டுமா?” என்று கேட்டார். குளிசை கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. கடைசியில் வயிற்றைத் திறந்து, மூத்திரக் குழாயைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையம் போட்டார். தோலுக்கடியில் சின்ன வாய் ஒன்று. அதற்குள் ஊசியால் நீர் ஏற்றினால் வளையம் இறுகும். “இது குழாய் மூட்டு ஒழுகாமல் நாங்கள் போடுற டிஷ்டுங் வளையமெல்லோ!” என்றேன். “கெனாவ், அதேதான்!” என்று தோளில் தட்டினார்.

இப்போது துணி காய்ந்தே கிடக்கிறது. டியர்ஹைம் பேச்சும் இல்லை. ஆனால் நான் சப்பாத்தைத் தொட்டால் லூனா கதவுக்குக் குறுக்கே படுத்துவிடுகிறாள். “வா” என்றால் என்னிடம் வருவாள். மகள் ஜெர்மனில் “கொம்” என்றால் அவளிடம் போவாள். இருவரும் ஒன்றாகக் கூப்பிட்டால் நடுவில் நின்று நடுங்குவாள். அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கம்.

மகள் போனில் எல்லோருக்கும் சொல்கிறாள்: “டொக்டர் கெட்டிக்காரன்.” ஓம், கெட்டிக்காரன்தான். நித்திரையில் ஒழுகுது என்று கண்டுபிடித்தது ஆர்? அடுத்தமுறை கதைக்கேக்க அப்பாவின்ர பேரையும் சொல்லு பிள்ளை. முதலில் சொல்லு.