விசாரணைக்கு மூன்று தலையலங்காரங்கள்

லா சப்பல் கடைத்தெருவில் ஓர் உடுப்புக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். குளிர் தொடங்கினால் எங்கள் கடையில் சேலை வியாபாரம் அசையாது. அதனால் கடைக்கார அக்கா என்னைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, இலையுதிர் காலத்துக்குச் சுகமாகக் கட்டக்கூடிய தலையலங்காரமும் அதற்குத் தோதான உடுப்பும் என்று கைத்தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் போடுவார். என் தலைமயிர் இடுப்பைத் தாண்டும். அதை ஐந்து நிமிடத்தில் அடக்கிக் காட்டுவது எனக்குப் பெரிய காரியமில்லை. கனடாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பெண்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள். ஊர் உலகத்துக்கே என் தலை தெரியும். என் புருஷனுக்குத் தெரியாது என்பது அந்தக் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் என்னைக் கலியாணம் கட்டி, என் பிரெஞ்சுக் குடியுரிமையின் பேரில் இங்கே வந்தவர். வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். இருவரும் வரவேண்டும், தனித்தனியாக விசாரிப்போம், உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறீர்களா என்று பார்க்கவேண்டும் என்று அட்டை கொடுக்கிற அரச அலுவலகமான பிரெபெக்சரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அட்டை இல்லையென்றால் வேலை இல்லை. அடுத்த கடிதம் நாட்டை விட்டுப் போகச் சொல்லித்தான் வரும். நாங்கள் ஒன்றும் கள்ளக் கலியாணம் செய்யவில்லை. ஆனாலும் அதை வாசித்த கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அக்காவிடம் காட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தது என் விசர்த்தனம். செவ்ரானில் ஒரு சோடியாம், எங்களைப்போலவே நல்லபடி கட்டினவர்களாம். உன் மனைவி வேலைக்குப் போகும்போது தலையை எப்படிக் கட்டுவாள், குளிருக்கு என்ன நிற மந்தோ, அதுதான் நீளக் கோட், போடுவாள் என்று புருஷனிடம் கேட்டார்களாம். ஆள் முழுசிக்கொண்டு இருந்தாராம். இதைச் சொல்லிக்கொண்டே அக்கா ஒரு பொம்மைக்குச் சால்வையைச் சுற்றினார்.

“அவ்வளவுதான். வதிவிடக் காட் கையை விட்டுப் போட்டுது,” என்றார்.

எங்கள் வீடு ஸ்தேன் புறநகரில். என் புருஷன் விடிவதற்கு முதலே அலுவலகங்கள் துப்பரவாக்கப் போய்விடுவார். அது முடிய உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. போகும்போதும் நான் நித்திரை, வரும்போதும் நான் நித்திரை. திங்கட்கிழமை மட்டும் இருவருக்கும் லீவு. அன்றைக்கு நான் தலைக்கு எண்ணெய் வைத்து முடிந்துகொண்டு திரிவேன். அவர் கண்ட என் தலை அது ஒன்றுதான்.

அந்தத் திங்கள் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் வேலைக்கு என்னண்டு தலை கட்டுகிறனான் என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

“வடிவாத்தான் கட்டுவீர்,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக ஒரு கட்டிலில் படுக்கிற மனிசன்! முகம் என்று ஒன்று எனக்கு இருப்பதாவது தெரியுமோ என்று கேட்டேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சரி, சொல்லித் தாரும் என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். கழுத்துவரை மூடுகிற கறுப்புக் கம்பளிச் சட்டையும் மண்ணிற மந்தோவும் போட்டால் பிடரியோடு ஒரு கொண்டை. மந்தோவின் கொலர் உரசி விரித்த முடி சடைபிடிக்கும், அதனால்தான் கொண்டை என்று காரணத்தையும் சொன்னேன். குர்தாவும் ஜீன்ஸும் என்றால் இடப்பக்கத் தோளில் ஒரு பின்னல், சால்வை வலப்பக்கம். மழை நாளில் தொப்பி வைத்த ஜாக்கெட்டும் பூட்ஸும், தலைக்கு இறுக்கிய குதிரைவால். மூன்றே மூன்று. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஒரே தலையை எத்தனை தரம் படம் பிடிக்கிறது என்று அக்கா முகத்தைச் சுளித்தார்.

அதன் பிறகு நான் எனக்காக உடுத்தவில்லை. யாரோ பார்த்துக் குறித்துக்கொள்வதற்காக உடுத்தினேன். கடைக்குப் போகிற வழியில் மேம்பாலத்துக்குக் கீழே இலைகள் மிதிபட்டு ஊறிக் கிடக்கும். அவற்றைத் தாண்டிப் போகும்போது இன்றைக்கு என்ன கிழமை, எந்தத் தலையலங்காரம் என்று மனம் ஒப்பித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் எங்கள் கட்டடத்தின் வாசலில் ஒரு மனிதர் தபால்பெட்டிகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றார். வீட்டைச் சோதிக்க வந்த ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். படியால் ஓடிப்போய் என் புருஷனுடைய சேட்டுகளை அலுமாரியில் என் உடுப்புகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். கதவு மணி அடிக்கும் என்று ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்தேன். ஒருவரும் வரவில்லை. அந்த மனிதர் யார் என்று இன்றுவரை தெரியாது.

என் புருஷன் மட்டும் நான் சொல்லிக் கொடுத்ததைப் படித்துக்கொண்டே இருந்தார். கோப்பை கழுவும் இடத்திலிருந்து அழைத்து, மண்ணிற மந்தோவுக்குப் பட்டியா பொத்தானா என்று கேட்பார். பொத்தான், நாலு பொத்தான் என்று நான் சினப்பேன். என் படங்களைப் பார்த்துப் பார்த்து, போன வருடத்தைவிட நீர் மெலிந்துவிட்டீர் என்று ஒருநாள் சொன்னார். இப்போதாவது தெரிந்ததே என்று போனை வைத்தேன்.

விசாரணை நாளில் நான் பிடரிக் கொண்டையோடும் மண்ணிற மந்தோவோடும் போனேன். முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். அரைமணித்தியாலம் கழித்து அவர் வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையாட்ட, என்னை உள்ளே விட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. குரல் நல்ல மென்மையானது. யார் சமைப்பது, கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டார். எல்லாம் தெரிந்தது. என் தலையைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் தாளைப் புரட்டிவிட்டு, இந்தக் குளிருக்கு உங்கள் கணவர் என்ன போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார் என்று கேட்டார். தலைமுடியை எந்தப் பக்கம் வகிடெடுப்பார் என்றும் கேட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம்தான் என் புருஷன் இருந்தார். காலையில் ஒரே ரயிலில், தோளோடு தோள் உரச வந்தோம். கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கறுப்பு ஜாக்கெட் என்றேன். வகிடு இடப்பக்கம் என்றேன். கலியாணப் படத்தில் அப்படித்தான் இருந்தது. அதிகாரி இரண்டையும் எழுதினார்.

வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்றார். ஜாக்கெட் கடும்பச்சை. ஜிப் அறுந்து, நெஞ்சுக்கு நேரே ஒரு சட்டை ஊசி குத்தியிருந்தது. நாள் முழுக்க உடுப்புக்கு நடுவே நிற்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. கம்பளித் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். முன்தலையில் வகிடெடுக்க முடியே இல்லை. மிச்சத்தைப் பின்னுக்கு இழுத்து வாரியிருந்தார். எப்போது கொட்டியது என்று எனக்குத் தெரியாது.

உம்முடைய தலையைப் பற்றிக் கேட்டார்கள், மூன்றையும் பிசகாமல் சொன்னனான் என்று அவர் சந்தோசமாகச் சொன்னார். “உம்மிட்ட என்ன கேட்டவை?” என்றார்.

“உங்களைப் பற்றித்தான்.”

“அப்ப பயமில்லை,” என்றார். “என்னை உமக்குத் தெரியும்தானே.”